பயணத்துக்கு ட்ரைபாட்: உயரத்தை விட்டுக்கொடுங்கள், கால் கனத்தை விடாதீர்கள்

ட்ரைபாட் (கேமராவை நிறுத்தும் மூன்றுகால் தாங்கி) பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: எத்தனை அங்குல உயரம், எத்தனை கிலோ தாங்கும். வாங்குகிறவருக்கு இரண்டுமே பெரிதாக உதவாது. 67 அங்குலம் என்று போட்டிருந்தால், மூன்று கால்களுக்கும் நடுவே ஏறி இறங்கும் நடுத்தண்டைக் கடைசிவரை மேலே ஏற்றிவிட்டு அளந்த உயரம் அது. 5 கிலோ என்றால் 5 கிலோ வைத்தால் உடையாது, அவ்வளவுதான். அந்த எடையோடு படம் கலங்காமல் வரும் என்று பெட்டியில் எங்கும் எழுதியிருக்காது. தாங்கும் எடையை அளப்பதில் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு. போட்டிருப்பதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். அப்படிப் பார்த்தாலும் கேனன் 1500டி கேமரா 475 கிராம், அதோடு வரும் 18-55 லென்ஸ் சுமார் 200 கிராம். அதற்குப் பதில் 55-250 எஸ்டிஎம் லென்ஸை மாட்டினாலும் மொத்தம் 850 கிராம்தான். இதை 1,500 ரூபாய் ட்ரைபாட்கூடத் தாங்கிவிடும். ஆடாமல் நிற்குமா என்பதுதான் கேள்வி.

அதற்குப் பார்க்க வேண்டிய எண்கள் வேறு மூன்று. நடுத்தண்டை இறக்கி வைத்த நிலையில் உயரம் எவ்வளவு, மடித்தால் நீளம் எவ்வளவு, காலின் கடைசிக் குழாய் எத்தனை மி.மீ. கையில் இருக்கும் காசு குறைவு என்றால் மூன்றும் சேர்ந்து நல்லபடியாக அமையாது. எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்றால் உயரத்தை விட்டுக்கொடுங்கள். பலர் செய்வது இதற்கு நேர் எதிர்: தலைக்கு மேல் நிற்கும் ட்ரைபாட்டை வாங்கி, காற்றடித்தால் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

காலும் நடுத்தண்டும்

காலின் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதால், ஒவ்வொரு துண்டும் தனக்கு மேலே இருப்பதைவிட ஏறத்தாழ 3 மி.மீ. மெலிந்திருக்கும். மேல் குழாய் 25 மி.மீ. என்றால் நான்கு துண்டுக் கால் 25, 22, 19, 16 என்று இறங்கும். மேல் குழாய் 22 என்றால் தரையில் ஊன்றுவது 13. குழாயின் தகடு ஒரே கனத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன் விறைப்பு விட்டத்தை மூன்று முறை பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஏற்பக் கூடும். அதாவது 13-க்கும் 16-க்கும் வித்தியாசம் பார்வைக்கு 3 மி.மீ., விறைப்பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஐந்து துண்டுக் காலில் இன்னும் ஒரு படி இறங்கி, கடைசித் துண்டு குடைக்காம்பு கனத்துக்கு வந்துவிடும். துண்டுகளை இறுக்கும் பூட்டுகளும் கூடும். நான்கு துண்டு என்றால் மூன்று கால்களிலும் சேர்த்து 9 பூட்டு, ஐந்து துண்டு என்றால் 12. ஒவ்வொரு பூட்டும் கொஞ்சம் ஆட்டம் கொடுக்கும் இடம்.

ஆகவே ஒரே விலையில் இரண்டு மாடல் இருந்து, ஒன்று ஐந்து துண்டு, 165 செ.மீ.; மற்றது நான்கு துண்டு, 145 செ.மீ. என்றால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். மடித்த நீளம் நாலைந்து செ.மீ. கூடும், பரவாயில்லை.

நடுத்தண்டு விஷயம் இதைவிட மோசம். அதை ஏற்றியதும் மூன்று கால் ட்ரைபாட் ஒற்றைக்கால் ஆகிவிடுகிறது. வெளியே நீட்டிய தண்டின் நீளம் இரண்டு மடங்கானால், அதே காற்றுக்கு அது எட்டு மடங்கு வளையும். 10 செ.மீ. ஏற்றியபோது தெரியாத ஆட்டம் 20 செ.மீ.யில் பளிச்சென்று தெரிவது இதனால்தான். நடுத்தண்டு வேண்டாம் என்றில்லை. ஒரு கைப்பிடிச் சுவருக்கு மேல் லென்ஸ் எட்ட வேண்டும் என்றால் உதவும். ஆனால் உயரத்தை அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

எவ்வளவு உயரம் போதும்? 165 செ.மீ. உயரமுள்ளவருக்குக் கண் ஏறத்தாழ 153 செ.மீ.யில் இருக்கும். வியூஃபைண்டர் கேமராவின் அடியிலிருந்து 8 செ.மீ. மேலே. ஆக நிமிர்ந்து நின்று பார்க்க, ஹெட்டின் (கேமரா உட்காரும் தலைப்பகுதி) மேல்பரப்பு 145 செ.மீ.யில் இருந்தால் சரி. ஆனால் இப்போது வரும் கேமராக்களில் பெரும்பாலும் திரை சாய்கிறது அல்லது திரும்புகிறது. நெஞ்சுயரத்தில் 120, 125 செ.மீ. இருந்தாலே குனியாமல் பார்க்கலாம். நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு அந்த உயரமே பல நேரம் அழகான கோணம்.

காலுக்குக் கால் நடுவில் முட்டுக்கம்பி கொடுத்த மாடல்கள் மலிவு ரகத்தில் நிறைய. கல்யாண மண்டபத் தரையில், வீட்டு ஹாலில் அவை நன்றாகவே நிற்கும். பாறையிலும் படிக்கட்டிலும் உதவாது. மூன்று கால்களும் ஒரே கோணத்தில்தான் விரியும், ஒரு காலை மட்டும் அகட்டி வைக்க வழியில்லை. தரையோடு தாழ்த்தி எடுக்கவும் முடியாது. பயணத்துக்கு, ஒவ்வொரு காலும் தனித்தனியாக இரண்டு அல்லது மூன்று கோணத்தில் நிற்கும் ரகம் வேண்டும்.

மடித்த நீளம்

உள்நாட்டு விமானங்களில் கைப்பை அளவு பொதுவாக 55×35×25 செ.மீ., 7 கிலோ. 40 செ.மீ. ட்ரைபாட் அதற்குள் படுத்துவிடும். அமேசான் பேசிக்ஸ் 60 அங்குல ட்ரைபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விலைக்கு நல்ல பொருள்தான், எடையும் ஏறத்தாழ 1.4 கிலோ. ஆனால் மடித்தால் 25 அங்குலம், அதாவது 63 செ.மீ. முதுகுப் பைக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டு, பேருந்தில் ஏறும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் மேல் இடிக்கும். சொந்தக் காரில் போகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை என்பதால், அவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

40 செ.மீ.யில் அடங்குபவை பெரும்பாலும் கால்களை 180 டிகிரி மேலே திருப்பி, ஹெட்டைச் சுற்றி மடிப்பவை. ஹெட் வெளியே துருத்தாததால் 10 செ.மீ. அளவுக்கு நீளம் குறையும். இவ்வகையில் ஒரு சின்னத் தொல்லை உண்டு: பால் ஹெட்டின் (உருண்டை மூட்டில் எந்தப் பக்கமும் சாயும் ஹெட்) குமிழ்கள் கால்களுக்கு நடுவே உட்காரும்படி திருப்பி வைத்தால்தான் கால் முழுக்க மூடும். பழகும்வரை எரிச்சலாக இருக்கும். காலடியில் இரும்பு முள் வைத்த மாடல் என்றால் அதைக் கழற்றிப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். முள் இல்லாத ட்ரைபாட்டையும் கையில் கொண்டுபோக விடுவது சோதனையில் நிற்பவரின் முடிவுதான்.

எதை வாங்கலாம்

ஆயிரத்திலிருந்து 2,500 ரூபாய்வரை டிஜிடெக், சிம்பெக்ஸ், ஃபோட்ரான், அமேசான் பேசிக்ஸ் என்று பல பெயர்களில் வருவது ஏறத்தாழ ஒரே வடிவம்: மூன்று துண்டுக் கால், கிளிப் பூட்டு, நடுவே முட்டுக்கம்பி, நீளக் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் ஹெட். செல்போன், சிறிய மிரர்லெஸ் கேமரா, வீட்டில் எடுக்கும் சமையல் வீடியோ ஆகியவற்றுக்குக் குறைசொல்ல முடியாது. டிஎஸ்எல்ஆரைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தால் ஹெட் மெல்லத் தலை சாயும். ஹெட் காலோடு ஒட்டியே இருப்பதால் பின்னாளில் நல்ல ஹெட் மாற்றவும் முடியாது. உடைவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: கேமராவின் அடியில் திருகும் பிளேட்டைப் பிடிக்கும் சின்ன நெம்புகோல், கால் கிளிப்பின் அச்சு, நடுத்தண்டை ஏற்றும் பல்சக்கரம். மூன்றும் பிளாஸ்டிக். எண்ணெயால் வழுவழுவென்று திரும்பும் ‘ஃப்ளூயிட் ஹெட்’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் உள்ளே எண்ணெயும் இல்லை, ஒன்றும் இல்லை. வீடியோவில் கேமராவைத் திருப்பத் தொடங்கும் இடத்தில் ஒரு குலுக்கல் விழும்.

5,000 முதல் 9,000 வரைதான் பயணிக்குச் சரியான இடம். கே அண்ட் எஃப் கான்செப்ட், நீவர், பென்ரோ, வேன்கார்டு என்று போட்டி அதிகம். அலுமினியக் கால், தலைகீழ் மடிப்பு, கழற்றக்கூடிய பால் ஹெட், ஆர்க்கா வகைப் பிளேட் (பல கம்பெனிகளுக்கும் பொதுவான வடிவம்), 1.2 முதல் 1.6 கிலோ எடை. ஒரே கம்பெனியிலேயே பத்து மாடல் இருக்கும். பெயரைப் பார்க்காமல் கால் விட்டத்தைப் பாருங்கள். மேல் குழாய் 25 அல்லது அதற்கு மேல், கடைசிக் குழாய் 16 என்று இருந்தால் எடுக்கலாம். விவரக் குறிப்பில் விட்டமே போடாத மாடலை விட்டுவிடுவது நல்லது. மறைக்க ஒன்றும் இல்லாதவர் எண்ணைப் போட்டுவிடுவார்.

பத்தாயிரத்தைத் தாண்டினால் மான்ஃப்ரோட்டோ பீஃப்ரீ அட்வான்ஸ்டு. அலுமினிய மாடல் மடித்தால் 40 செ.மீ., விரித்தால் 150, எடை 1.49 கிலோ. காகிதத்தில் பார்த்தால் 7,000 ரூபாய் மாடலைவிட எதுவும் கூடுதலாக இல்லை. சில மாடல்கள் இதைவிட உயரம்கூட. காசு போயிருப்பது பூட்டிலும் கால் மூட்டிலும். அடிக்கடி பயணம் போய், தூசியிலும் மணலிலும் புழங்கினால் இந்த வித்தியாசம் கையில் தெரியும். ஆண்டுக்கு ஓரிரு முறை எடுப்பவருக்குத் தெரியவே தெரியாது, மிச்சப் பணத்தை லென்ஸில் போடலாம்.

பீக் டிசைன் ட்ராவல் ட்ரைபாட்டை எல்லாரும் கேட்கிறார்கள். 2019-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் வந்தது. கால்களின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல், மடித்ததும் நடுவில் இடைவெளியே இல்லாமல் சேர்ந்துகொள்ளும், அழகான யோசனை. அலுமினியம் 1.56 கிலோ, கார்பன் 1.27 கிலோ. இந்தக் கட்டுரையின் பட்ஜெட்டுக்கு அது ஒத்துவராது. ஆனால் அந்த இரண்டு எடைகளைக் கவனியுங்கள்: பல மடங்கு ஆடம்பரமான பொருளிலேயே கார்பன் மிச்சப்படுத்துவது 290 கிராம். குறைந்த காசில் கார்பனைத் தேடினால் குழாய் மெலிந்துவிடும். அலுமினியத்தின் மேல் கார்பன் நெசவு மாதிரி படம் ஒட்டி விற்பதும் உண்டு; காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, அலுமினியத்திலும் ஒட்டாது. ஏசி அறையில் தொட்டுப் பாருங்கள், அலுமினியம் சில்லென்று இருக்கும், கார்பன் அப்படிக் குளிராது.

வளையும் கால் ட்ரைபாட்டில் ஜோபி கொரில்லாபாட் 3கே மூன்று கிலோவரை என்று விற்கிறது. மிரர்லெஸ்ஸும் சின்ன லென்ஸும் என்றால் கம்பி வேலியிலோ மரக்கிளையிலோ சுற்றி நிறுத்தலாம். நாளாக ஆக உருண்டை மூட்டுகள் தளரும், அது அதன் இயல்பு. பஞ்சுக் கால் வைத்த ‘ஆக்டோபஸ்’ நகல்களுக்குள் இருப்பது வெறும் கம்பி. வளைத்து வளைத்து ஒரு நாள் உள்ளேயே முறியும், வெளியே தெரியாது. செல்போனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்டில் நல்ல ட்ரைபாட் பாதி விலைக்குக் கிடைக்கும். லென்ஸைப் போல உள்ளே பூஞ்சை பிடிக்கும் பயமும் இல்லை. குழாயில் நசுங்கல் இருந்தால் மட்டும் தொடாதீர்கள், அந்தத் துண்டு ஒருபோதும் சரியாக உள்ளே போகாது. பிளேட் கூடவே வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெட்டும் பிளேட்டும்

கேமராவின் அடியில் இருக்கும் மரை 1/4 அங்குலம், உலகம் முழுக்க ஒன்றுதான். காலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்க வேண்டியது 3/8 அங்குலம். ஹெட்டைக் கழற்றினால் கால் பக்கம் 3/8 திருகு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் எந்தக் கம்பெனி ஹெட்டையும் பின்னாளில் மாட்டலாம். இரண்டையும் இணைக்கும் பித்தளை புஷ் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், தலையில் காசு நுழையும் வெட்டு இருக்கும்.

பிளேட் ஆர்க்கா வகையா என்பது பயணத்தில் பெரிய விஷயம். ஏறத்தாழ 38 மி.மீ. அகலம், இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டிய விளிம்பு. தொலைந்துபோனால் எந்த ஊரிலும் இணையத்திலும் 300, 400 ரூபாய்க்கு வேறொன்று வாங்கலாம். மலிவு ட்ரைபாட்டின் சொந்த அளவு பிளேட் தொலைந்தால், பெரும்பாலும் ட்ரைபாட்டே தொலைந்த மாதிரி. ஆர்க்கா பிளேட்டிலும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் அகலம் மாறும். திருகிப் பூட்டும் கிளாம்ப் அதைச் சமாளித்துக்கொள்ளும். நெம்புகோலைச் சடக்கென்று தள்ளிப் பூட்டும் கிளாம்ப் சில பிளேட்டில் தளர்வாக நிற்கும். வேறு வேறு பிளேட் கலந்து புழங்கினால் திருகு வகைதான் பாதுகாப்பு.

பால் ஹெட்டில் உருண்டை பெரிதாக இருப்பது நல்லது, 28 மி.மீ. சின்ன கேமராவுக்குப் போதும், டிஎஸ்எல்ஆருக்கு 36 இருந்தால் நிம்மதி. அடியில் தனியாகச் சுழற்ற ஒரு குமிழ் வேண்டும், பனோரமா எடுக்க அது இல்லாமல் முடியாது. கழுத்தில் ஒரு பக்கம் வெட்டு இருக்கும், கேமராவைச் செங்குத்தாகச் சாய்க்க. அந்த வெட்டை ஒரு காலுக்கு நேர் மேலே வருமாறு திருப்பிவிட்டுச் சாயுங்கள். இரண்டு காலுக்கு நடுவே சாய்த்தால் எடை வெளியே போய் மொத்தமும் கவிழும்.

வீடியோவுக்குப் பால் ஹெட் வசதியில்லை. பயணத்தில் படம்தான் பிரதானம், வீடியோ எப்போதாவது என்றால் கேமராவை அசைக்காமல் வைத்து எடுங்கள்.

கடையில் செய்ய வேண்டியது

உங்கள் கேமராவையும் கனமான லென்ஸையும் கொண்டுபோங்கள். கால்களை முழுக்க விரித்து, நடுத்தண்டை இறக்கி வைத்து, மேலே இரண்டு கையாலும் அமுக்குங்கள். எந்தக் காலாவது உள்ளே வழுக்கினால் பூட்டு சரியில்லை. பிறகு மேல்பகுதியைப் பிடித்து இடமும் வலமும் முறுக்குங்கள். மலிவு ட்ரைபாட் பல்லிளிப்பது அமுக்கும்போது இல்லை, இங்கேதான்.

அடுத்து கேமராவை மாட்டி, தூரத்தில் உள்ள ஒரு எழுத்தை லைவ் வியூவில் (காட்சியைத் திரையில் பார்க்கும் முறை) 10 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். குமிழை இறுக்கியதும் அந்த எழுத்து கீழே நழுவுகிறதா? கொஞ்சம் நழுவாத மலிவு ஹெட் கிடையாது. எழுத்து திரையை விட்டே போய்விட்டால் அந்த ஹெட் வேண்டாம். இப்போது ஒரு காலை விரலால் தட்டுங்கள். எழுத்து நடுங்கி அடங்க எவ்வளவு நேரம் என்று எண்ணுங்கள். இரண்டு நொடிக்குள் அடங்கினால் நல்லது. நாலைந்து நொடி என்றால், இரண்டு நொடி டைமரில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அந்த நடுக்கம் இருக்கும். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

இணையத்தில் வாங்கினால் இதே சோதனையைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டில் செய்யுங்கள். ஹெட்டில் இருக்கும் ரசமட்டத்தை மட்டும் பொருட்படுத்த வேண்டாம். பல மாடல்களில் அது கோணலாகவே ஒட்டியிருக்கும், கேமராவுக்குள் இருக்கும் மட்டம் போதும்.

ஒரு காலைக் கழற்றி மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) ஆக்கலாம் என்று விற்பார்கள். கழற்றுவதற்காகப் போட்ட அந்த மரை, காலில் இன்னொரு ஆடும் இடம். பறவைகளைத் தொடர்ந்து எடுப்பவர் தவிர மற்றவர்கள் இதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம்.

முன்கூட்டியே சொல்லிவிட வேண்டிய ஒன்று: கோயில்களுக்காகத்தான் பயணம் என்றால் ட்ரைபாட்டே தேவைப்படாமல் போகலாம். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், மாமல்லபுரம் எல்லாம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. கையில் பிடித்துப் படம் எடுக்கலாம், ட்ரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும். சின்ன மேசை ட்ரைபாட் என்றாலும் காவலாளிக்கு அது ட்ரைபாட்தான்.

நிறுத்தும் விதம்

முதலில் தடித்த துண்டை விரியுங்கள், மெலிந்த துண்டு கடைசியில், தேவைப்பட்டால் மட்டும். ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில். சரிவில் இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒன்று மேட்டுப் பக்கம். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள் அல்லது சுற்றிக் கட்டுங்கள்; தனுஷ்கோடிக் காற்றில் அது பாய்மர வேலை செய்யும். நடுத்தண்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். பை தரையை லேசாகத் தொட்டபடி இருந்தால்தான் பயன். அந்தரத்தில் தொங்கினால் காற்றுக்கு ஊசலாடி, இல்லாத ஆட்டத்தை உண்டாக்கும்.

படம் அதிகம் கெடுவது 1/30 நொடியிலிருந்து ஒரு நொடிவரை உள்ள வேகத்தில். 20 நொடி திறந்து வைக்கும் இரவுப் படத்தில் முதல் அரை நொடி நடுக்கம் மொத்த வெளிச்சத்தில் சிறு பங்கு, தெரியாது. குற்றாலத்தில் தண்ணீரைப் பால்போலக் காட்ட வைக்கும் அரை நொடியில் அதே நடுக்கம் படம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். டைமரை 10 நொடிக்கு வைத்து, டிஎஸ்எல்ஆர் என்றால் லைவ் வியூவில் எடுங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி முன்பே மேலேறி நிற்கும், சட்டென்று அடிக்காது. லென்ஸில் கை நடுக்கத்தைத் திருத்தும் ஐஎஸ் அல்லது விஆர் பொத்தானை நீண்ட திறப்புக்கு அணைத்துவிடுங்கள். பழைய லென்ஸ்கள் ட்ரைபாட்டில் இருப்பதை அறியாமல், இல்லாத அசைவைத் திருத்தப் போய்த் தாங்களே படத்தைக் கலக்கும்.

கடற்கரையில் அலை வந்து திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். நீண்ட திறப்பின் நடுவே ட்ரைபாட் அரை செ.மீ. இறங்கினால் போதும், அடிவானம் இரண்டாகத் தெரியும். காலை மணலுக்குள் நன்றாக அழுத்தி ஊன்றிவிட்டு ஒரு அலை வந்து போகட்டும், பிறகு கோணம் பாருங்கள். உலர்ந்த மணலில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தால் புதையாது. மணலிலும் நீரிலும் மட்டும் மேலே சொன்ன விரிக்கும் வரிசையை மாற்றுங்கள்: கடைசித் துண்டை ஒரு சாண் இழுத்துவிட்டு நிறுத்துங்கள். அப்போது பூட்டு தண்ணீருக்கு மேலே இருக்கும்.

மணல் புகுந்தால்

திருகுப் பூட்டுக்குள் மணல் போனால் திருகும்போது கறகறவென்று சத்தம் வரும். அதோடு திருகிக்கொண்டே இருந்தால் மரை தேய்ந்துவிடும். பயணம் முடிந்து வந்த அன்றே கழற்றிக் கழுவுங்கள், கடினமில்லை. பூட்டு வளையத்தை முழுக்கத் திருகி இறக்கி, கீழ்க்குழாயை மெதுவாக வெளியே இழுங்கள். குழாயின் மேல் முனையில் இரண்டு பாதியாக ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதன் உள்பக்கச் சின்னக் குமிழ் குழாயின் ஓட்டையில் உட்கார்ந்திருக்கும். இழுத்ததும் அது துள்ளிக் கட்டிலுக்கு அடியில் போகும், ஆகவே ஒரு தாம்பாளத்தின் மேல் வைத்துக் கழற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கால் மட்டும். மூன்றையும் சேர்த்துக் கழற்றினால் எது எதனுடையது என்று குழம்பும்.

நல்ல தண்ணீரில் கழுவி, பழைய பல் பிரஷால் மரையைத் தேய்த்து, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். மரையில் மட்டும் துளி சிலிகான் கிரீஸ். பிளாஸ்டிக் உறையிலோ குழாயிலோ கிரீஸ் பட்டால் பூட்டு வழுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மலைக் குளிரில் உறைந்துவிடும். உப்புத் தண்ணீர் பட்ட அலுமினியத்தில் கழுவாமல் விட்டால் வெள்ளைப் பொடி பூக்கும், அதற்குள் குழாய் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கிளிப் பூட்டில் இந்த வேலை பாதிதான்: மணல் தெரியும் இடத்தில் இருக்கும், ஊதினாலே போகும், தளர்ந்தால் பக்கத்துத் திருகை அரைச் சுற்று இறுக்கலாம். கடற்கரைதான் உங்கள் இடம் என்றால் கிளிப் வகையைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. பையில் வைத்து எடுக்கும்போது கிளிப் மாட்டிக்கொண்டு இழுக்கும், அதுதான் அதற்கான விலை.

கால் மூட்டில் ஆலன் கீ நுழையும் திருகு இருக்கும். ட்ரைபாட்டைத் தூக்கிப் பிடித்து ஒரு காலைக் கிடைமட்டமாக விரித்து விடுங்கள். தானாகத் தொப்பென்று விழுந்தால் மூட்டு தளர்வு, திருகைக் கால்வாசிச் சுற்று இறுக்குங்கள். அதற்கான ஆலன் கீ பெட்டிக்குள்ளேயே வரும். அதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடாமல் ட்ரைபாட் உறையின் பையில் வையுங்கள். கூடவே ஒரு உபரி பிளேட். பில்லில் மாடல் எண் முழுதாக எழுதியிருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். ரப்பர் பாதமோ பூட்டு வளையமோ கேட்டு எழுதும்போது கம்பெனி முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.